மூக்கில் ஒரு குழாய்

பேப்பரில் படம் வருவதற்கு முன்பும் இன்ஜினியருக்கு மூக்கு இருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை, அவர் உட்பட. கொஞ்சம் நீளம், நுனியில் கொஞ்சம் வளைவு, அவ்வளவுதான். குடிநீர் வாரியத்தில் இருபது வருடமாக அந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுவந்தார். கோடை தொடங்கிய ஒரு திங்கட்கிழமை, உள்ளூர்ப் பேப்பரின் முதல் பக்க மூலையில் கார்ட்டூனிஸ்ட் அதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அது மூக்கில்லை, குழாய்.

உயரமான தண்ணீர்த் தொட்டியின் மேல் கால்மேல் கால் போட்டு ஒரு மனிதர். முகம் அச்சு அசல் இன்ஜினியர். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் திருகுப்பிடியோடு ஒரு குழாய். கீழே குடங்களோடு கூட்டம். அவர் சொல்கிறார்: “தண்ணீர்தானே? எனக்குச் சளி பிடிக்கட்டும், தருகிறேன்.” படத்தின் அடியில் கையெழுத்துக்குப் பதிலாக ஓர் எறும்பு. அந்த எறும்பும் ஒரு குடம் வைத்திருந்தது.

இன்ஜினியர் பேப்பரை நாலாக மடித்து, எட்டாக மடித்து, எங்கே ஒளிப்பது என்று சமையலறை அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் வந்துவிட்டாள். ஐந்தரை வயது. வீட்டில் வாண்டு என்றுதான் பேர். பிடுங்கி விரித்தாள்.

“அப்பா, நீ.”

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. உலகத்திலேயே முக்கியமான மனிதரின் படத்தைப் பேப்பர்க்காரர்கள் இவ்வளவு நாள் கழித்துப் போட்டிருக்கிறார்கள், அதுவே தாமதம் என்பது போல இருந்தது அவள் முகம்.

“என்னப்பா எழுதியிருக்கு?”

அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். “‘எல்லாரும் வரிசையா வாங்க. எல்லாருக்கும் உண்டு’ன்னு எழுதியிருக்கு.”

வாண்டு நாற்காலியில் ஏறி அவர் மூக்கைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். அவர் “ஷ்ஷ்ஷ்” என்றார். அவள் இரண்டு கையையும் குவித்து அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தாள். ஆரம்பம் அவ்வளவுதான்.

கார்ட்டூனிஸ்ட் கிடைத்த மூக்கை லேசில் விடுகிற ஆளில்லை. வாரத்துக்கு இரண்டு படம், சில வாரம் மூன்று. ஒரு படத்தில் குழாய் மூக்கர் மெத்தை நாற்காலியில் இருக்கும் ஒருவருக்குக் குனிந்து தம்ளரில் பிடித்துக் கொடுக்கிறார். “முதலில் பெரியவர்களுக்கு. பிறகு பெரியவர்களின் தோட்டத்துக்கு.” இன்ஜினியர் அதை, “முதல்ல தாத்தாவுக்கு, அப்புறம் பூச்செடிக்கு” என்று படித்தார். மூக்கில் பூட்டுத் தொங்கிய படத்தை, “நிலாவைக் கழுவுற தண்ணி இது, பத்திரமா வச்சிருக்கார்” என்று படித்தார். உண்மையான வரியை ஒரே மூச்சில் கண்ணால் விழுங்கிவிட்டு, முகம் மாறாமல் இன்னொரு வரியைச் சொல்ல அவருக்குக் கைவந்துவிட்டது. வாண்டு படங்களை வெட்டி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அடுக்கினாள்.

போகப்போக அந்தப் பொய்களுக்குள் ஒரு ஊரே முளைத்தது. அங்கே குழாய் மூக்கர் விடியற்காலையில் எழுந்து மேகங்களை அலசிக் கொடியில் காயப்போடுவார். குருவிகளுக்கு ஆளுக்கு ஒரு சொட்டு. தாகம் என்று ஒரு குழந்தை கனவில் முனகினால்கூட அவருக்குக் கேட்டுவிடும், மூக்கைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எறும்புதான் அவருக்கு உதவியாள். அந்த ஊரின் தெருக்கள் மெல்ல நடக்கும், தண்ணீர் இருக்கும் பக்கமாகத் தாங்களே நகர்ந்து போய்ப் படுத்துக்கொள்ளும். மத்தியானம் ஆபீசில் மின்விசிறி சுற்ற, கோப்புகள் படபடக்க, இன்ஜினியர் பேனாவைத் திறந்தபடியே அங்கே போய்விடுவார். கோப்பில் மை பரவி மீனாகும், மீன் மேசை விளிம்புவரை நீந்திப் போய்த் திரும்பிப் பார்க்கும். பியூன் வந்து “சார்” என்று இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் இவர் கரையேறுவார். தன்னைவிட நல்லவரான அந்த மனிதர்மேல் அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

வெளியே நிலைமை வேறு. வங்கியில் டோக்கனோடு உட்கார்ந்தால் எதிர்வரிசை முழுக்க அவர் முகத்தின் நட்டநடுவைப் பார்த்தது. முடிவெட்டுகிறவர் மூக்குப் பக்கம் கத்தரி வந்ததும் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் ஒரு பக்கக் கிருதா மேலே போய்விட்டது. அதுவரை அவர் கேபின் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஜனங்கள் இப்போது நிமிர்ந்து நின்றார்கள். சிரித்த பிறகு ஒருவரைப் பார்த்துப் பயப்படுவது கொஞ்சம் கஷ்டம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். ஒருவன் உயரமான ஸ்டூலில் காகிதக் கூம்பை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார, மற்றவர்கள் திருகிவிட்டு ஓட வேண்டும். வாண்டுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. விதிமுறைகளை அவள்தான் சொல்லிக்கொடுத்தாளாம்.

கார்ட்டூனிஸ்ட் ஒன்றும் இல்லாததை வரையவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையும் அப்பா படித்த மாதிரி ஆகிவிடும். இரண்டு வருடத்துக்கு முன் பள்ளத்தெருவில் குழாய் வெடித்தது. பழுது பார்க்கும்வரை அங்கே தண்ணீரின் அழுத்தம் குறையாமல் இருக்க, மேட்டுத்தெருவுக்குப் போகும் வால்வை முக்கால்வாசி மூடச் சொல்லி இன்ஜினியர் எழுதினார். ‘தற்காலிகமாக’ என்றும் எழுதினார். பழுது பத்து நாளில் சரியானது. ஆனால் அந்தப் பத்து நாளில் பள்ளத்தெருவில் தண்ணீர் மாடிவரை தானே ஏறுவதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். சீஃபின், அதாவது தலைமை இன்ஜினியரின், வீடு அங்கேதான், புல்தரையோடு. இவர் வீடும் அங்கேதான், புல்தரை இல்லாமல். வால்வைத் திறந்தால் மாடிக்கு ஏறாது. ஏறாவிட்டால் சீஃப் ஃபோன் செய்வார். முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் அப்படி ஒரு ஃபோனுக்குப் பிறகுதான் எங்கோ ஒரு கோடிக்கு மாற்றலாகிப் போனார். அதனால் வால்வு அப்படியே நின்றது, அந்தக் கால்வாசியில் தண்ணீர் மேடேறாத மேட்டுத்தெருவுக்கு நாலு நாளைக்கு ஒரு லாரி. இன்ஜினியர் அந்த வால்வை மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. அது ஞாபகத்துக்கு வராமல் பார்த்துக்கொண்டார்.

மனைவி மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவள், கார்ட்டூன் வரியைப் படிக்காமல் இருப்பாளா? ஆரம்பத்தில் அவளும் சிரித்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஸ்கூல்ல இந்த வாரம் ஒற்றைக்கொம்பு சொல்லிக் குடுக்கறாங்க. அடுத்த வாரம் இரட்டைக்கொம்பு. எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிட்டான்னா என்ன பண்ணுவீங்க?”

“அப்ப பாத்துக்கலாம்.”

“பாத்துக்கறது அவ. நீங்க இல்ல.”

அன்றிலிருந்து இன்ஜினியர், மகள் தூங்கின பிறகு அவள் நோட்டைப் புரட்டுவார். கால் வந்தாயிற்று. சுழி வந்தாயிற்று. கொம்பும் காலும் ஒன்றாக வந்தால் தன் கதை முடிந்தது என்று தெரிந்தது. ஊர் முழுக்கச் சிரித்தபோது தாங்கிக்கொண்டவர்தான். ஆனால் அந்த டப்பாவைத் திறந்து, அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, தலையைத் தூக்கித் தன்னைப் பார்க்கும் அந்த ஒரு பார்வையைத் தாங்க முடியுமென்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்த வியாழக்கிழமை வந்த படம் மற்றதைப் போல் இல்லை. குழாய் மூக்கர் தொட்டியின் மேல் படுத்து உறங்குகிறார். மூக்கில் சிலந்தி வலை. அவர் தலைக்கு மேலே ஒரு பெரிய மேகம், மேகத்துக்குள் மேட்டுத்தெரு, அதன் வழியே தண்ணீர் ஆறாக ஓடுகிறது, குழந்தைகள் குதிக்கிறார்கள். கீழே, மேகத்துக்கு வெளியே, அதே குழந்தைகள் காலிக் குடங்களோடு நிற்கிறார்கள். “எழுப்பாதீர்கள். கனவில் நமக்குத்தான் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்.”

இன்ஜினியர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தான் மத்தியானத்தில் போய்வரும் ஊரை இந்த ஆள் எப்படிப் பார்த்தான் என்று இருந்தது. அந்த மேகத்துக்குள் அவரும் பாதி இறங்கிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

“என்னப்பா எழுதியிருக்கு?”

“‘மேட்டுத்தெருவுக்குத் தண்ணி வரப்போவுது’.”

“எப்போ?”

“ஞாயித்துக்கிழமை,” என்றது அவர் வாய். “காலையில.”

சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். பன்னிரண்டு மணிவாக்கில் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது, தையல் மெஷினிலிருந்து நேராக எழுந்து வந்திருக்க வேண்டும். வாண்டுவின் பக்கத்தில் உட்காருகிற பெண்ணின் அம்மா. வீடு மேட்டுத்தெரு.

“சார், நாளைக்குத் தண்ணி எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டுப் போலாம்னு.”

“யார் சொன்னது?”

“பேப்பர்ல போட்டிருக்குன்னு உங்க பாப்பா எங்க பொண்ணுகிட்ட சொல்லியிருக்கா. நானும் பேப்பரைத் தேடிப் பாத்தேன் சார். அந்த மாதிரி ஒண்ணும் இல்ல. ஆனா இன்ஜினியர் பொண்ணு, அப்பாவே படிச்சுக் காட்டினாருன்னு சொல்லுது. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். குடத்தையெல்லாம் கழுவி வச்சிட்டாங்க.”

இன்ஜினியர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். மணி சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சீஃப் வீட்டுப் புல்தரையும் வந்தது.

“சின்னக் குழந்தைங்க. ஏதாவது ஒளறியிருக்கும்,” என்றார்.

தையல்காரம்மா அவரைப் பார்த்தாள். மூக்கைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள். ஆறு மாதத்தில் அவர் கண்ணைப் பார்த்த முதல் ஆள் அவள்தான். பிறகு அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்தால் மேசையில் வாண்டுவின் நோட்டு விரிந்து கிடந்தது. டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘எழுத்துகள் எல்லாம் தெரிகின்றன. ஆனால் படிக்கச் சொன்னால் எழுத்தைப் பார்ப்பதில்லை. படத்தைப் பார்த்துத் தானே ஏதோ சொல்கிறாள். நன்றாகச் சொல்கிறாள், ஆனால் அது பாடத்தில் இல்லை.’

“கேளுங்க,” என்றாள் மனைவி. “நான் கேட்டாச்சு. பதிலை நீங்களே கேட்டுக்குங்க.”

வாண்டு ஜன்னல் ஓரம் டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவர் தரையில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏன்டா இப்படிப் படிச்சே?”

“அப்பா மாதிரிதான் படிச்சேன்,” என்றாள். உதடு பிதுங்கியது. “டீச்சருக்குத்தான் படிக்கத் தெரியல.”

அவள் எழுத்துக் கற்றுக்கொண்டுவிடுவாளோ என்று இத்தனை நாள் பயந்து செத்தவர் அவர். அவளோ எழுத்தைக் கற்றுக்கொண்டு, அப்பாவுக்காக அதை ஓரமாக வைத்துவிட்டிருந்தாள். இன்ஜினியருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தெருவில் யாரோ காரைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

டப்பாவிலிருந்து அந்த மேகப் படத்தை எடுத்தார். அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து முதல் எழுத்தின் கீழ் வைத்தார். “இந்தத் தடவை படத்தைப் பாக்காதே. என்னையும் பாக்காதே. இதை மட்டும் பாரு.”

ஒவ்வொரு எழுத்தாக விரல் நகர்ந்தது. எ, ழு, ப், பா. கொம்பில் தடுக்கியது, காலில் ஏறியது. ‘கனவில்’ வரை வந்து நின்றது, திரும்பவும் போனது. கடைசி எழுத்தைத் தாண்டியதும் அவள் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கிறதோ என்று.

“அப்பா, நீ படிச்சது இதுல இல்லியே.”

“இல்ல.”

“எதுலயும் இல்லியா?”

“எதுலயும் இல்லடா. நான் படிச்சது பொய். அவங்க போட்ட படம்தான் நெஜம்.”

“நீ தண்ணி விடறதில்லியா?”

“மேட்டுத்தெருவுக்கு விடறதில்ல.”

அவள் டப்பாவை மூடினாள். மூடியின் மேல் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவர் பயந்த அந்தப் பார்வை வரவே இல்லை. தலையைத் தூக்காமலே கேட்டாள்: “அப்போ நான் அவகிட்ட பொய் சொல்லிட்டேனா?”

இன்ஜினியர் எழுந்து போய் வால்வுக்காரருக்கு ஃபோன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊர் பால் வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தது. பனி முழங்கால்வரை நின்றதால் சாலைகளுக்குத் தரையே இல்லாத மாதிரி இருந்தது. ரவுண்டானா நடுவில் இரும்பு மூடியைத் தூக்கிவைத்துவிட்டு, வால்வுக்காரர் ஆளுயரச் சாவியைக் குழிக்குள் இறக்கினார். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும் மனிதர்.

“சார், எழுத்துல ஆர்டர் ஏதாவது?”

“நான் நிக்கறேன்ல.”

“அதான் கேட்டேன்,” என்றார் வால்வுக்காரர், சிரிக்காமல்.

இரண்டு வருடத் துரு. முதலில் முனகியது, பிறகு அசைந்தது. இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். முப்பத்தெட்டுச் சுற்று. எங்கோ நிலத்துக்கு அடியில் யாரோ புரண்டு படுப்பது போல ஒரு சத்தம் கேட்டது, பிறகு அது மெல்ல மேட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தது. இன்ஜினியர் அந்தச் சத்தத்தின் கூடவே நடந்தார். அது நின்றால் நின்றார், நகர்ந்தால் நகர்ந்தார்.

தண்ணீர் வராது என்று தையல்காரம்மா போய்ச் சொன்னதை மேட்டுத்தெருவில் யாருமே நம்பவில்லையா, இல்லை அவள் அதைச் சொல்லவே இல்லையா, தெரியாது. குடங்கள் வரிசையாக நின்றன. குடங்களுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். கார்ட்டூனில் வந்த அதே கூட்டம். ஒரே வித்தியாசம், இவர்களுக்கு முகம் இருந்தது. தெருக்குழாய் முதலில் காற்றாகச் சீறியது, “ஷ்ஷ்ஷ்” என்று, இவர் வீட்டில் போடுகிற சத்தம் அப்படியே. ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. பிறகு செம்மண் நிறத்தில் இருமியது. பிறகு வெளுத்து, தெளிந்து, கனமாக விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை. யாரும் அவரைப் பாராட்டவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தையல்காரம்மா மட்டும் நின்றாள்.

“நாளைக்கும் வருமா சார்?”

கேட்டதில் தப்பில்லை. பத்து மணிக்கு வால்வுக்காரரும் அதையேதான் வேறு மாதிரி கேட்டார். “சார், மூடிடவா?”

“வேணாம்,” என்றார் இன்ஜினியர்.

திங்கட்கிழமை பேப்பரை வாண்டுதான் வாசலிலிருந்து எடுத்துவந்தாள். படம் இருந்தது. அதே தொட்டி, அதே குழாய் மூக்கர், அதே கூட்டம். மூக்கு நுனியில் ஒரு பெரிய சொட்டு தொங்கியது. எறும்பு தன் குடத்தைச் சரியாக அதற்கு நேர் கீழே வைத்துக் காத்திருந்தது.

“நான் படிக்கறேன்,” என்றாள். விரலை வைத்தாள். “கடைசியில் சளி… பிடித்துவிட்டது.” நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். வேறு ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடலாமா என்று அவள் யோசிப்பது அவருக்குத் தெரிந்தது.

“மாத்தாதே. எழுதியிருக்கிறதைப் படி.”

“யாரும்… மாத்திரை… கொடுத்துவிடாதீர்கள்.”

இன்ஜினியர் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மனைவி ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். “மாடியில தண்ணி வரல,” என்று சொல்ல வந்தவள் சொல்லிவிட்டு, அவளும் சிரித்தாள்.

“இதுல என்னப்பா சிரிப்பு?” வாண்டுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர் டப்பாவைத் திறந்து முதல் படத்தை எடுத்தார். சளி பிடிக்கட்டும் என்று தான் சொன்னதாக அவர்கள் போட்டதை, அது யாரைக் குத்தியது என்பதை, ஏன் ஊர் சிரித்தது என்பதை, ஒன்றுவிடாமல் தன் வாயாலேயே சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஏதோ எரிந்தது. அப்பாவைப் பார்த்து முதல் தடவையாக, படத்தைப் புரிந்துகொண்டு, சிரித்தாள். அது அவருக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வலியோடு அவரால் உட்கார்ந்திருக்க முடிந்தது.

“அப்போ மாத்திரை யாருப்பா குடுப்பாங்க?”

மேசை மேல் ஃபோன் அடித்தது. திரையில் சீஃப் பெயர்.

“இவர்தான்.”

வாண்டு ஒரு கணம் யோசித்தாள். பிறகு நாற்காலியில் ஏறி, அவர் மூக்கைத் திறக்கும் பக்கமாக ஒரு திருகு திருகி, வேறு யாரும் வந்து மூடிவிடாதபடி இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் அப்படியே ஃபோனை எடுத்தார்.

“என்ன இன்ஜினியர், எங்க வீட்டு மாடியில ஒரு சொட்டு இல்ல. யாரைக் கேட்டு வால்வைத் திறந்தீங்க? ஹலோ? என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு, சளியா?”

“ஆமா சார்,” என்றார் இன்ஜினியர். “நல்லாப் பிடிச்சிருக்கு. இனிமே விடாது சார்.”